கொடிப்பந்தலுக்குக் கீழே ஒரு வாசல்

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூபோர்ட் என்றொரு கடற்கரை ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பெரும் பணக்காரர்கள், கோடையில் சில வாரங்கள் மட்டும் தங்க அங்கே மாளிகைகள் கட்டினார்கள். அவற்றைக் 'குடில்' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்! ரயில்வே முதலாளி வாண்டர்பில்ட் குடும்பத்தின் 'தி பிரேக்கர்ஸ்' என்ற குடிலில் 70 அறைகள். ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். பளிங்கும் கடலைப் பார்த்த புல்வெளியும் அழகில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது 'தி எல்ம்ஸ்' மாளிகையில். நிலக்கரி முதலாளி எட்வர்ட் பெர்விண்ட் 1901-இல் கட்டி முடித்தது. ஓரத்தில் விஸ்டேரியா கொடி படர்ந்த பந்தல் ஒன்று. அலங்காரம் என்றுதான் தோன்றும். பணியாளர்களும் சாமான் கொண்டுவருபவர்களும் நுழையும் வாசல் அதற்குக் கீழேதான் இருக்கிறது. விருந்தாளிகள் கண்ணில் அவர்கள் படக்கூடாது. அவர்கள் தூங்கிய மாடியும் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. தோட்டத்தில் நின்று பார்த்தால் அப்படியொரு மாடி இருப்பதே தெரியாது. நிலக்கரிகூட நிலத்தடிச் சுரங்கப்பாதை வழியாகத்தான் உலைக்கு வந்தது.

கொல்லைப்புறமாக வரச் சொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளான நமக்கு இதைப் புரிந்துகொள்ள வழிகாட்டி தேவையில்லை. ஆனால் அவசரப்பட்டு இதைச் சாதி என்று எழுதிவிடாதீர்கள், தோழர்களே. அங்கே வேலை செய்தவர்களில் பலர் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய வெள்ளையர்கள். வேலையை விட்டால் அந்த வாசலும் போயிற்று; பிள்ளைகளைத் துரத்தவில்லை. நம் ஊரில் தாத்தாவுக்குச் சொன்ன வாசல்தான் பேரனுக்கும்.

அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. மறு ஆண்டே, 1902-இல், வேலை நேரம் பற்றி முறையிட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பெர்விண்ட் குடும்பம் அவர்களை வேலையைவிட்டு நீக்கியது. 1922-இல் பென்சில்வேனியாவில் அவருடைய நிறுவனத்தின் சுரங்கத் தொழிலாளர்கள் சங்க உரிமை கேட்டுப் போராடியபோது, குடும்பங்களோடு கம்பெனி வீடுகளிலிருந்து துரத்தப்பட்டுக் கூடாரங்களில் கிடந்தார்கள். அந்தத் தோட்டத்துக்கான பணம் அவர்கள் வெட்டிய கரியில்தான் வந்தது. பணியாளர் வாழ்க்கையைக் காட்ட இப்போது அங்கே தனிச் சுற்று நடத்துகிறார்கள். நல்ல காரியம்.

மாளிகை டிக்கெட்டில் சேராத இடம் ஒன்றும் இருக்கிறது: 'காட்ஸ் லிட்டில் ஏக்கர்' என்ற கறுப்பின மக்களின் பழைய இடுகாடு. இந்த மாளிகைகளுக்கு நூறாண்டுக்கு முன்பே நியூபோர்ட்டைச் செல்வ நகராக்கியதில் அடிமை வணிகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கல்தச்சுப் பட்டறையில் அடிமையாக உழைத்த பாம்ப் ஸ்டீவன்ஸ், 1768-இல் இறந்த தன் சகோதரன் கஃப் கிப்ஸுக்குக் கல் செதுக்கினார். இதைச் செதுக்கியது நான் என்று அதிலேயே தன் பெயரையும் பொறித்தார். ஒரே குடும்பத்துக்கு இரண்டு குடும்பப் பெயர், ஏனென்றால் இரண்டும் எஜமானர்களின் பெயர்கள்.

அங்கே பல கற்களில் எழுத்து தேய்ந்துவிட்டது. நியூபோர்ட் போகிறவர்கள் மாளிகைகளுக்கு முன்னால் அங்கே போங்கள். காலை வெயிலில் எழுத்து கொஞ்சம் தெளிவாகத் தெரியும்.