கூம்பும் கொரோனாவும்

எலக்ட்ரோஸ்பிரே கருவியின் முன் புதிதாக உட்காருபவருக்கு முதலில் கை போகும் இடம் வோல்டேஜ்தான். சிக்னல் குறைவா? இன்னும் ஐந்நூறு வோல்ட் கூட்டு. சற்று நேரம் எண்கள் ஏறும். பிறகு தாறுமாறாகக் குதிக்கும். ஊசி முனையிலிருந்து மெல்லிய சீறல் கேட்கும். விளக்கை அணைத்தால் அங்கே ஊதா நிறத்தில் ஒரு புள்ளி ஒளிரும். அது கொரோனா மின்னிறக்கம். திரவத்தைத் தெளிக்க வேண்டிய மின்சாரம் காற்றை அயனியாக்கிக் கொண்டிருக்கிறது.

ஒழுங்கான தெளிப்பு சத்தம் போடாது. மெல்லிய எஃகு ஊசிக்குச் சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால், நுனியில் திரளும் திரவத்தை மின்புலம் முன்னோக்கி இழுக்கும். பரப்பு இழுவிசை பின்னே பிடித்து நிறுத்தும். இரண்டும் சமன்படும்போது திரவம் கூம்பாகிறது. அதன் அரைக்கோணம் 49.3 பாகை என்று ஜி.ஐ. டெய்லர் 1964இல் கணக்கிட்டுக் காட்டினார். கூம்பின் உச்சியிலிருந்து நூல்போல ஒரு தாரை கிளம்பித் துளிகளாக உடைகிறது.

துளியின் கதை அத்தோடு முடிவதில்லை. கரைப்பான் ஆவியாகத் துளி சுருங்கும், மின்னூட்டமோ அப்படியே இருக்கும். ஒரு துளி தாங்கக்கூடிய மின்னூட்டத்துக்கு ராலே 1882இல் சொன்ன வரம்பை எட்டியதும் துளி வெடிக்கிறது. வெடிப்பு என்றால் இரண்டாகப் பிளப்பது அல்ல. அந்தரத்தில் நிறுத்திய கிளைக்கால் துளியை 2003இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் படம்பிடித்தார்கள். துளி எலுமிச்சம்பழம்போல நீண்டு, இரு முனைகளிலும் நுண்தாரைகளைப் பீய்ச்சியது. போன நிறை 0.3 சதவீதம்தான், மின்னூட்டமோ சுமார் 33 சதவீதம்!

தொல்லை தருவது தண்ணீர். அதன் பரப்பு இழுவிசை மெத்தனாலைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஒரே அளவு ஊசியில் மெத்தனால் ஏறத்தாழ 2.2 கிலோவோல்ட்டில் தெளிக்கத் தொடங்கினால், தண்ணீருக்குச் சுமார் 4 தேவை. அதற்குள் முனையைச் சுற்றியுள்ள காற்று தாங்காமல் போய்விடக்கூடும். ஊசிக்கு எதிர் வோல்டேஜ் கொடுக்கும் எதிர்மின் முறையில் ஊசியே எலக்ட்ரான்களை உமிழ்வதால் மின்னிறக்கம் இன்னும் சீக்கிரம் வரும். அதனால்தான் அனுபவசாலிகள் தண்ணீரில் மெத்தனாலோ ஐசோபுரொப்பனாலோ கலக்கிறார்கள். துளியாக்கும் பாரத்தில் ஒரு பங்கை ஊசியைச் சுற்றி ஓடும் நைட்ரஜனிடம் விடுகிறார்கள். எதிர்மின் முறையில் எலக்ட்ரான்களை விழுங்கும் ஆக்சிஜனையோ சல்பர் ஹெக்சாஃபுளோரைடையோ முனையருகே செலுத்துவதும் உண்டு.

இன்று தொல்லையாகிவிட்ட மின்னிறக்கம் ஒரு காலத்தில் ஆய்வுப் பொருளாகவே இருந்தது. ஜான் ஜெலெனி 1914இல் வெளியிட்ட கட்டுரை, திரவ முனைகளிலிருந்து நிகழும் மின்னிறக்கத்தைப் பற்றியது. பல பத்தாண்டுகள் கழித்து அதே திரவ முனையைக் கொண்டு ஜான் ஃபென் புரதங்களை எடைபோட்டார். 2002இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

தெளிப்பின் நலத்தை அம்மீட்டரே சொல்லிவிடும். சீரான தெளிப்பில் ஓடும் மின்னோட்டம் வழக்கமாக ஒரு மைக்ரோஆம்பியருக்குள் அடங்கும்; திடீரென்று அதைத் தாண்டித் தாவினால் கொரோனாவைச் சந்தேகிக்கலாம். அப்போது வோல்டேஜைக் குறையுங்கள். உப்புப் படிந்திருக்கிறதா என்று ஊசி முனையைப் பாருங்கள், கரைப்பானில் தண்ணீரின் பங்கைச் சரிபாருங்கள். கூம்பு நிலைத்து நிற்கும் மிகக் குறைந்த வோல்டேஜே போதும்.