எனக்கும் தைராய்டு இருக்கு

"எனக்குத் தைராய்டு இருக்காம் சித்தி" என்றேன். "எனக்கும்தான்டி" என்றார் சித்தி, பதினைந்து வருடச் சீனியர் தோரணையில். கழுத்தில் அந்தச் சுரப்பி இல்லாதவர் யார்? ஆனாலும் நம் ஊரில் உறுப்பின் பேரே வியாதிக்கும் பேராகிவிட்டது.

என்னுடையது ஹாஷிமோட்டோ வகை. உடம்பின் காவல்படையே சுரப்பியை அந்நியன் என்று எண்ணித் தாக்குவது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-இல் நான்கு பெண்களின் சுரப்பியை ஆராய்ந்து இதை எழுதினார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி வைத்தியம் பார்த்தார். 1934-இல் டைபாய்டில் இறந்தார். தாக்குவது சொந்தப் படைதான் என்று தெரியவந்தது 1956-இல்.

எனக்குத் தாக்குதல் காபியில் தொடங்கியது. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீர். காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. முதல் மூன்று மாதம் ஏமாற்றினேன்: மாத்திரை விழுங்கிய கையோடு டம்ளர். சுரப்பி சோம்பினால் ஏறும் டிஎஸ்ஹெச் எண் இறங்கவே இல்லை. டோஸைக் கூட்ட டாக்டர் பேனாவைத் திறந்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன். பேனாவை மூடிவிட்டார். காபி மருந்தை உடம்பில் சேரவிடாதாம். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். என் இரும்பு மாத்திரை ராத்திரிக்குப் போயிற்று.

அதைவிடக் கஷ்டம் பொறுமை. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதனால் டோஸை மாற்றினால் ஆறு வாரமாவது கழித்துத்தான் பரிசோதனை. நான் பத்தாம் நாளே லேப் வாசலில் நின்றேன். சுரப்பியைத் தாக்கும் ஆன்டிபாடியின் அளவையும் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். "ஒரு தடவை தெரிஞ்சா போதும்மா, அந்த எண்ணை வெச்சு மருந்து மாறாது" என்றார் டாக்டர்.

தைராய்டுக்குக் கோஸ் ஆகாது என்ற பக்கத்து வீட்டம்மா பேச்சைக் கேட்டு ஒரு வருடம் கோஸ் பொரியலை வீட்டுப்பக்கம் விடவில்லை. வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதென்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த ஒரு வருடத்தை யாரிடம் கேட்பது?

டிஎஸ்ஹெச் எண் இப்போது ஒழுங்கு. மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகுவது மட்டும் நிற்கவில்லை. வயது என்கிறார் கணவர், அவருக்கும் சொருகுகிறது.

காலை ஐந்தரைக்கு மாத்திரை போட்டதும் சித்திக்கு போன் போடுவேன். அவரும் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்த ஒரு மணி நேரமும் பெரும்பாலும் காபியைப் பற்றித்தான் பேசுகிறோம்.