டூமாண்ட் என்று ஒரு நான்காவது டிவி

அமெரிக்க டிவி வரலாறு என்றால் என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. என்று மூன்று பெயர்களைத்தான் சொல்வார்கள். நான்காவதாக ஒன்று இருந்தது தெரியுமா? 1946-ல் தொடங்கி 1956-ல் மூச்சை விட்ட டூமாண்ட் நெட்வொர்க். நிகழ்ச்சி நன்றாக இல்லாததால் அது மூடப்படவில்லை. லைசன்ஸ்தான் அதன் கழுத்தை நெரித்தது.

ஆலன் டூமாண்ட் ஒரு இன்ஜினியர். பிக்சர் டியூப் நீண்டநாள் உழைக்க வழி கண்டவர். கையில் காசு போதாமல் பாரமவுண்ட் சினிமா கம்பெனிக்குப் பங்குகளை விற்றார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு நிறுவனம் ஐந்து நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எஃப்.சி.சி. என்ற அரசு ஆணையத்தின் விதி. டூமாண்டுக்கு நியூயார்க், வாஷிங்டன், பிட்ஸ்பர்க் என்று மூன்றுதான் இருந்தன. லாஸ் ஏஞ்சலீஸ், சிகாகோவில் பாரமவுண்ட் தரப்பு நடத்திய இரண்டையும் ஆணையம் இவர் கணக்கிலேயே எழுதிவிட்டது! நிலையம் அவர்களுடையது, தண்டனை இவருக்கு.

அடுத்த அடி 1948 செப்டம்பரில் விழுந்தது. அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று புது லைசன்ஸ் வழங்குவதை ஆணையம் நிறுத்தி வைத்தது. ஆறு மாதம் என்று பேச்சு. முடிந்தது 1952 ஏப்ரலில். அதுவரை நாடு முழுக்க நூற்றுச் சொச்சம் நிலையங்கள்தான். பெரும்பாலான ஊர்களில் ஒன்றோ இரண்டோ. அவற்றின் முதலாளிகள் பலர் ஏற்கெனவே ரேடியோ நடத்தியவர்கள். என்.பி.சி., சி.பி.எஸ்.ஸோடு பழைய உறவு. ரேடியோவே இல்லாத டூமாண்டுக்கு மிச்சம் மீதி நேரம்தான் கிடைத்தது.

பிட்ஸ்பர்க்கில் மட்டும் கதை தலைகீழ். அங்கே இருந்த ஒரே பெரிய நிலையம் இவருடையது. அதைக் காட்டித்தான் மற்ற ஊர்களில் பேரம் பேச முடிந்தது. ஜாக்கி கிளீசனை வளர்த்துவிட்டதும் டூமாண்ட்தான். 1952-ல் சி.பி.எஸ். அதிகப் பணம் கொடுத்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது.

தடை நீங்கியபோது ஆணையம் யு.எச்.எஃப். சேனல்களைத் திறந்துவிட்டது. ஆனால் வீடுகளில் இருந்த பெட்டிகளில் அவை தெரியாது! (புதுப் பெட்டிகளில் யு.எச்.எஃப். கட்டாயமானது 1964-ல்தான்.) பணமுடையில் பிட்ஸ்பர்க் நிலையத்தை வெஸ்டிங்ஹவுஸுக்கு 97.5 லட்சம் டாலருக்கு விற்றார்கள். கையிலிருந்த ஒரே துருப்புச் சீட்டும் போயிற்று.

1956 ஆகஸ்டில் ஒரு குத்துச்சண்டை ஒளிபரப்போடு எல்லாம் முடிந்தது. நியூயார்க், வாஷிங்டன் நிலையங்கள் கைமாறிக் கைமாறி, 1986-ல் ரூபர்ட் முர்டோக்கிடம் வந்து சேர்ந்தன. ஃபாக்ஸ் என்ற நான்காவது நெட்வொர்க்கை அவர் தொடங்கியது அவற்றையும் வைத்துத்தான்.