படகு ஏறும்முன் பின்பக்கம் பாருங்கள்!

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கடல் தூரமில்லை. கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால், கடைசி நிலையம் கிள்ளான் துறைமுகம். பூலாவ் கெத்தாம் செல்லும் படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது.

போன வாரம் அந்தப் பக்கம், பழைய அலுமினியப் படகொன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார் ஓர் அண்ணன். வெளியே தகடு பளபளவென்று இருந்தது. உள்ளே, மோட்டாரைத் தாங்கும் பின்பலகையோ இற்றுப்போய்க் கையோடு உதிர்ந்தது. போல்ட் துளையில் கசிந்த தண்ணீர் செய்த வேலை!

“நடுக்கடலில் மோட்டார் கழன்று விழுந்தால் என்ன செய்வது, தம்பி?” என்றார்.

பழைய பலகையை அளவு வைத்து மரைன் பிளைவுட்டை வெட்டி, விளிம்பு, துளை எதையும் விடாமல் எப்பாக்சி பூசினார். செம்பு கலந்த மருந்தேற்றிய மரம் ஆகாதாம், அலுமினியத்தை அரித்துவிடும்.

குடும்பத்தோடு மீன்பிடிக்கச் சிறு படகு எடுக்கிறீர்களா? நிறுத்தியிருக்கும்போதே மோட்டாரை அசைத்துப் பாருங்கள். பின்பலகையும் சேர்ந்து ஆடினால், ஏறாதீர்கள்.