கிரியா, எக்ஸ்த்ரான்ஹெரோவா? மாட்ரிட்டில் நீங்கள் யார்?

மாட்ரிட் நகரின் பிளாசா மயோர் சதுக்கம். அரைக்கால் சட்டை, சாக்ஸுக்கு மேல் செருப்பு, வெயிலில் தக்காளியாய்ச் சிவந்த முகம் என்று ஒருவர் வந்தால், உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் 'கிரி' என்று சிரித்துக்கொள்வார்கள். கீரி அல்ல, கிரி! வடக்கு ஐரோப்பிய சுற்றுலாப் பயணிக்குக் கேலியும் கொஞ்சம் செல்லமுமாக வைத்த பெயர். 19-ம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் ராணி கிறிஸ்டினாவின் ஆட்களை எதிரணியினர் அழைத்த பாஸ்க் மொழிச் சொல்லின் சுருக்கம் என்கிறது ஸ்பானிய அகராதி.

சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே சாந்தா குரூஸ் மாளிகை. 17-ம் நூற்றாண்டில் சிறையாகக் கட்டிய இடம், பின்னாளில் வெளியுறவு அமைச்சகமானது. அமைச்சகத்தின் பெயரில் வருவது 'எக்ஸ்தெரியோர்'. வெளிநாட்டு வர்த்தகத்துக்கும் அதே சொல்தான். ஆனால் வெளிநாட்டு மொழி, வெளிநாட்டு முதலீடு என்றால் 'எக்ஸ்த்ரான்ஹெரோ' வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டு மனிதரும் எக்ஸ்த்ரான்ஹெரோதான், வெளிநாடும் எக்ஸ்த்ரான்ஹெரோதான். "மகன் வெளிநாட்டில் இருக்கிறான்" என்பதற்கு 'என் எல் எக்ஸ்த்ரான்ஹெரோ' என்பார்கள். வீட்டுப் பேச்சில் வெறும் 'ஃபுவேரா', அதாவது 'வெளியே', போதும்.

புதிதாக மொழி படிப்பவர்கள் வழுக்கி விழும் இடம் 'எக்ஸ்த்ரான்யோ'. கண்ணில் தூசி விழுந்தால் மருத்துவர் அதை 'எக்ஸ்த்ரான்யோ' பொருள் என்பார். மனிதரை அப்படிச் சொன்னால், 'ஆள் ஒரு மாதிரி' என்று அர்த்தமாகிவிடும்!

நகரை விட்டுக் கிராமத்துக்குப் போனால் இன்னொரு சொல்: 'ஃபொராஸ்தெரோ'. நம் அசலூர்க்காரர்தான். மாட்ரிட்டிலேயே பிறந்து வளர்ந்தவரும் அங்கே ஃபொராஸ்தெரோ.

இதுவரை சிரிப்பு. எக்வடோரிலிருந்தோ மொராக்கோவிலிருந்தோ வேலைக்கு வந்தவரை யாரும் 'கிரி' என்பதில்லை. அவருக்கு 'இன்மிக்ராந்தே', குடியேறி, என்ற பெயர் தயாராக இருக்கிறது. கிரி வீடு வாங்கிக் குடியேறினாலும் கிரிதான்.

கொலம்பியாக்காரரின் நிலை இன்னும் விசித்திரம். தாய்மொழியே ஸ்பானிஷ். ஆனாலும் கையில் இருப்பது 'எக்ஸ்த்ரான்ஹெரோ' அடையாள அட்டை. ஒரு சலுகை உண்டு: பொதுவாகக் குடியுரிமை கேட்க 10 ஆண்டுகள் சட்டப்படி வசித்திருக்க வேண்டும். லத்தீன் அமெரிக்கர்களுக்கு 2 ஆண்டுகள் போதும். பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் அப்படியே. ஒரு காலத்தில் ஸ்பெயின் ஆண்ட நாடுகள் அல்லவா!

ஸ்பெயின்காரர்களும் இந்தச் சொல்லைச் சுமந்தவர்கள்தான். 1960-ல் மேற்கு ஜெர்மனியுடன் தொழிலாளர் ஒப்பந்தம் கையெழுத்தானது. கிராமம் கிராமமாக ஆண்களும் பெண்களும் ரயிலேறித் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அவர்களை ஜெர்மானியர்கள் 'விருந்தாளித் தொழிலாளி' என்றார்கள். ஊரில் இருந்த அம்மாக்களோ, பிள்ளை எங்கே என்று கேட்டவர்களிடம், "ஃபுவேரா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.