அக்கா மகன் கேட்ட வண்டி

வாசகர்களே, பட்டணத்து வேலைக்குப் போகும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால் இதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

என் அக்கா மகனுக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வேலை கிடைத்தது. வீடோ கிள்ளானுக்கு வடக்கே, செம்பனைத் தோட்டத்தில். பஸ் ஏறி, ரயில் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் பிந்திவிடுகிறது. "மாமா, 150 சிசி ஸ்போர்ட் வண்டி வாங்கிக்கிறேன். அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றான். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியவள் அக்கா. அத்தான் தவறிய பிறகு அவளுக்கு இருப்பது இந்த ஒரு பிள்ளைதான். "தம்பி, நீ ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு. நீ சொன்னா கையெழுத்துப் போடுறேன்" என்று பாரத்தை என் தலையில் வைத்துவிட்டாள்.

பள்ளி விடுமுறை. அவனுடைய கூட்டாளியின் வண்டியை ஒரு வாரம் இரவல் வாங்கினேன். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே முக்கியமல்ல. நம் நாட்டில் 2015-ல் வந்த யமஹா ஒய்15இசட்ஆர், 2016-ல் வந்த ஹோண்டா ஆர்எஸ்150ஆர் ஆகியவற்றைச் சாலையில் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்தைச் சேர்ந்தது. 1958-ல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப் வழியில் வந்தவைதான் நாம் 'காப்சாய்' என்று அழைக்கும் வண்டிகள். அந்தக் குடும்பத்தில் பிறந்து, பந்தய வண்டியைப் போல உடுத்திக்கொண்ட பிள்ளை இது. காப்சாயில் கிளட்சைக் கையால் பிடிக்கும் வேலை இல்லை, இதில் உண்டு. இயந்திரத்தைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடுகிறது.

முதல் நாள் காலை மணி ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டேன். கிள்ளானைத் தாண்டிக் கூட்டரசு நெடுஞ்சாலையை அடைந்தபோது இன்னும் விடியவில்லை. மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை அங்கே உண்டு. 1970களில் போடப்பட்ட அந்தப் பாதையை உலகிலேயே முதலாவது என்று சொல்வார்கள். காருக்கும் லாரிக்கும் பயப்படாமல் போகலாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் பாதை குறுகல். சந்திப்புகள் வரும் இடங்களில் வளைந்து, சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வரும். மழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்கும்.

வண்டியின் இழுப்பைக் குறை சொல்வதற்கில்லை. கைப்பிடியைச் சற்று முறுக்கினால் போதும், சிட்டாய்ப் பறக்கிறது. ஷா ஆலாம், சுபாங், பெட்டாலிங் ஜெயா என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கோத்தா டாருல் எஹ்சான் வளைவு கண்ணில் பட்டதும் கோலாலம்பூர் வந்துவிட்டது என்று அறிந்தேன். 1974-ல் கோலாலம்பூரைக் கூட்டரசுப் பிரதேசமாக விட்டுக்கொடுத்த சிலாங்கூர், அதன் நினைவாக எல்லையில் எழுப்பிய வளைவு அது. ஏறத்தாழ 45 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடந்திருந்தேன்.

நகருக்குள் நுழைந்ததும் கதை மாறியது. துன் சம்பந்தன் சாலையில் கார்கள் எறும்பு ஊர்வதைப் போல ஊர்ந்தன. வண்டி ஒல்லி, இடுக்கில் புகுந்துவிடலாம். ஆனால் பத்து அடிக்கு ஒரு தரம் கிளட்ச் பிடித்து விட்டதில் இடது மணிக்கட்டு வலி எடுத்தது. கைப்பிடி தாழ்வாக இருப்பதால் குனிந்தே உட்கார வேண்டும். முதுகு அதை மறக்கவில்லை. காப்சாயில் கூடை மாட்டலாம், கால்களுக்கு நடுவே பை தொங்கவிடலாம். இதில் சோற்றுப் பாத்திரத்தைக்கூட முதுகில்தான் சுமக்க வேண்டும். அஞ்சடி ஓரம் நிறுத்திவிட்டுப் பசியாறப் போனால், மனம் தோசையில் இல்லை, வண்டியில் இருந்தது. திருடர்களுக்கும் இந்த இனத்தின் மேல் ஒரு கண் என்பது ஊரறிந்த செய்தி. இரண்டு பூட்டு அவசியம்.

எண்ணெய்க் கணக்கும் பார்த்தேன். லிட்டருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் கொடுத்தது. ஆனால் தொட்டி சிறியது. நாலு லிட்டரைச் சற்றே தாண்டும். போக வர 90 கிலோமீட்டர் ஓடுகிறவன் இரண்டாம் நாள் மாலைக்குள் எண்ணெய் நிலையத்துக்குப் போயாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் பூ வாங்க அழைத்துப் போனேன். பின் இருக்கை உயரம், அகலமும் போதாது. சேலையோடு ஏற அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. "இது ஒத்த ஆளு வண்டிடா" என்றாள். இரண்டே வார்த்தையில் சரியான தீர்ப்பு.

இனி நான் மறைக்க நினைத்த ஒன்றைச் சொல்கிறேன். நான்காம் நாள் புறப்படப் பதினைந்து நிமிடம் தாமதம். அதை ஈடுகட்ட முறுக்கினேன். அந்தக் குறுகிய தனிப்பாதையில் மீட்டரில் 95 என்று எண் மின்னியது. சுரங்கத்துக்கு முன்னால் உள்ள வளைவில் தண்ணீர். எதிரே ஒருவர் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். பிரேக் பிடித்தேன். பின்சக்கரம் பாம்பைப் போல நெளிந்தது. கடவுள் புண்ணியத்தில் விழவில்லை. ஒரு பாலத்தின் கீழே நிறுத்தி, கை நடுக்கம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். நாற்பதைத் தாண்டிய, பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் வாத்தியாருக்கே கை அப்படி முறுக்கியது என்றால் இருபத்திரண்டு வயதுப் பையனின் கை என்ன செய்யும்?

இதைச் சொன்னால் பையனின் ஆசை பாழாகும்; மறைத்தால் அக்காவுக்குத் துரோகம். இருவரையும் உட்கார வைத்து நடந்ததை அப்படியே சொன்னேன். அக்கா முகம் வெளுத்தது. பையன் மட்டும் விடவில்லை. "மாமா, தனிப்பாதை எல்லா ரோட்டிலயும் இல்லையே. பின்னால லாரி வரும்போது ஒதுங்க இழுப்பு வேணும்ல?" என்றான். அதிலும் நியாயம் இருந்தது.

கடைசியில் நான் சொன்னது இதுதான். நகர நெரிசலுக்கு மட்டும் என்றால் சாதாரணக் காப்சாயே போதும். தினமும் நெடுஞ்சாலையில் தூரம் போகிறவனுக்கு இந்த வண்டி பொருந்தும். ஆனால் என்னை விழத் தள்ளப் பார்த்தது வண்டியல்ல, பிந்திய அந்தப் பதினைந்து நிமிடம். 1973-ல் தலைக்கவசத்தையும், 1992-ல் பகலிலும் முன்விளக்கையும் சட்டம் கட்டாயமாக்கியது. சீக்கிரம் புறப்படச் சொல்ல எந்தச் சட்டமும் வராது. அதை வீடுதான் சொல்ல வேண்டும்.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஐந்தரைக்குக் கிளம்புவியா?" என்று கேட்டாள். "கிளம்புறேம்மா" என்றான். கையெழுத்துப் போட்டாள்.

வண்டி வந்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் ஐந்து மணிக்கே எழுந்து அவனுக்குக் கோப்பி கலக்குகிறாள் அக்கா. உங்கள் பிள்ளை வண்டி கேட்டால், அதை ஒரு நாளாவது நீங்கள் ஓட்டிப் பாருங்கள், அல்லது பின்னால் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.