ஒரு நொடிக்கு அறுபது படங்கள்

வேகப்பந்து வீச்சாளர் ஓடி வந்து எகிறுகிறார். வலது கால் தரை தொடுகிறது. அடுத்து இடது கால் கிரீஸில் ஊன்றுகிறது. ஊன்றிய பாதம், பந்து கையை விட்டுப் போகும்வரை அங்கேயே நிற்க வேண்டும். திரையில் அது இரண்டு விரற்கடை முன்னே நகர்கிறது. "வழுக்குது பாருங்க. சோப்புத் தண்ணி மேல நிக்கிற மாதிரி இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு, கணினி முன் இருக்கும் பெண் அதே அசைவை மறுபடி ஓட விடுகிறார். பிறகு இன்னொரு முறை. ஓட்டம் தொடங்கிப் பந்து வெளியேறும்வரை எல்லாம் சேர்த்து மூன்று நொடி வரும். அதைச் சரிசெய்ய அன்றைய பகல் முழுக்கப் போதவில்லை.

அவர் உட்கார்ந்திருப்பது கேரளத்து அட்டப்பாடியின் அகளியில், வீட்டு முன்னறையில். மேற்கே முக்காலி வழியாகச் சுரம் இறங்கினால் மண்ணார்க்காடு. கிழக்கே ஆனைகட்டியைத் தாண்டினால் கோயம்புத்தூர். இருளர், முடுகர், குறும்பர் ஊர்களுக்கு இடையே தமிழும் மலையாளமும் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் மலைப்பகுதி இது. வெளியுலகத்துக்கு அட்டப்பாடி என்றால் நஞ்சியம்மாவின் குரல். 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் பாடியதற்காக அவருக்குத் தேசிய விருது 2022ல் அறிவிக்கப்பட்டது. அதே மண்ணில் ஒருவர் வீடியோ கேம் வீரர்களுக்குக் கால் ஊன்றக் கற்றுக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் நான் அங்கே போனேன்.

கோவையில் அனிமேஷன் படித்தவர். இப்போது ஒப்பந்த வேலை செய்கிறார். எந்த நிறுவனம், எந்த கேம் என்று வெளியே சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் விதி. தன் பெயரும் வேண்டாம் என்றார். "வேலையக் காட்டுறேனுங்க. பேரு எதுக்கு?"

வீரரின் உடலில் உணர்கருவிகளையோ, ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகளையோ பொருத்தி அவருடைய அசைவைப் பதிவு செய்வதற்கு மோஷன் கேப்சர் என்று பெயர். பதிவு முடிந்தால் வேலை முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இவருக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. உருண்டை ஒன்று கைக்குப் பின்னால் மறைந்தால் கேமராக்கள் அதைத் தவறவிடும். அந்த இடத்தில் முழங்கை துள்ளும். பதிவு கொடுத்தவர் ஐந்தரை அடி இருப்பார், கேமில் வரும் பந்துவீச்சாளர் ஆறேகால் அடி இருப்பார். காலின் நீளம் மாறியதும் எட்டு வைக்கும் தூரம் மாறுகிறது, பாதம் நழுவுகிறது.

திரையின் கீழ்ப்பாதியில் சிவப்பு, பச்சை, நீல நிறங்களில் கோடுகள் ஏறி இறங்குகின்றன. ஒரு மூட்டு மூன்று திசைகளில் எப்படித் திரும்புகிறது என்பதன் கணக்கு அது. கணுக்காலுக்கு மூன்று, முழங்காலுக்கு மூன்று, இடுப்புக்கு மூன்று என்று உடம்பு முழுவதற்கும் தனித்தனிக் கோடுகள். அவர் பாதத்தைத் தரையோடு பூட்டினார். உடனே முழங்கால் வெடுக்கென்று மடங்கியது. முழங்காலைத் தணித்தார், இடுப்பு மேலே ஏறியது. இடுப்பை இறக்கினால் முதுகின் சாய்வு மாறி, பந்து வெளியேறும் கணத்தில் தலை தவறான பக்கம் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் நாலைந்து புள்ளிகளை மயிரிழை நகர்த்தி, ஓட விட்டுப் பார்த்து, மறுபடி நகர்த்துகிறார்.

"ஏங்கண்ணு, காலையில இருந்து அந்த ஒத்தக் காலையேதான் பாத்துட்டு இருக்கியா?" என்று காபியோடு வந்த அவருடைய அம்மா கேட்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்குதும்மா" என்றார் மகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சினிமா அனிமேஷனில் இயக்குநர் சொன்ன வரிசைப்படி அசைவு ஓடும். கேமில் அந்த வரிசையை விளையாடுபவரின் விரல் தீர்மானிக்கிறது. டிரைவ் ஆட முன்கால் வைத்த அதே கணத்தில் மனம் மாறி வேறு ஷாட்டுக்கு விரல் போகலாம். அப்போது பாதி டிரைவிலிருந்து புது அசைவுக்கு உடம்பு மாற வேண்டும். மட்டை தொடைக்குள் புகுந்துவிடக் கூடாது, தலை திருகிக்கொள்ளக் கூடாது. ஆகவே ஓர் அசைவைச் செய்து முடித்தால் போதாது. அதிலிருந்து கிளம்பக்கூடிய அத்தனை அசைவுகளோடும் அது ஒட்டுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. நொடிக்கு 60 படங்கள் ஓடும் கேமில் ஒரு படத்துக்குச் சுமார் 16.7 மில்லி நொடி. விரலின் தொடுகையை வாசிப்பது, பந்தின் சுழற்சியையும் காற்றில் அது வளைவதையும் கணக்கிடுவது, தரையில் பட்டு எவ்வளவு எழும்பும் என்று முடிவு செய்வது, 11 பேர் கொண்ட ஃபீல்டிங் அணியையும் இரண்டு பேட்ஸ்மேன்களையும் நடுவர்களையும் அடுத்த நிலைக்கு நகர்த்துவது, நிழலும் ஒளியும் தீட்டுவது, ஒலியைச் சேர்ப்பது எல்லாம் அந்த இடைவெளிக்குள் முடிய வேண்டும். தாமதமானால் திரை திக்கும். விளையாடுபவர் ஷாட்டைத் தவறவிடுவார். நிரலாளர், அனிமேட்டர், ஓவியர், ஒலிக் கலைஞர் என எல்லோரும் இந்த 16.7 மில்லி நொடியைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

இந்த மல்லுக்கட்டு தொடங்கி நெடுங்காலமாயிற்று. 1958 அக்டோபரில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் பார்வையாளர்களுக்காக வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர் ஆசிலோஸ்கோப் திரையில் ஒரு டென்னிஸ் ஆட்டத்தை அமைத்தார். ஒரு கோடு, நடுவே வலை, துள்ளும் ஒளிப்புள்ளி. அவ்வளவுதான் அந்த ஆட்டம், ஆனாலும் மக்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். 1984ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (ஈ.ஏ.) நிறுவனர் டிரிப் ஹாக்கின்ஸ், அமெரிக்கக் கால்பந்தின் முன்னாள் பயிற்சியாளர் ஜான் மேடனை அணுகினார். அன்றைய கணினியின் சக்திக்கு அணிக்கு ஏழு பேர் போதும் என்பது தயாரிப்பாளர்களின் எண்ணம். மேடன் ஒப்பவில்லை, 11 பேர் இல்லாத ஆட்டத்தில் தன் பெயர் இருக்காது என்று உறுதியாக நின்றார். ஆப்பிள் 2 கணினியில் 22 பேரையும் ஓட வைத்து அந்த கேம் வெளிவந்தபோது 1988 ஆகியிருந்தது.

செவன்ஸ் கால்பந்து கொடிகட்டிப் பறக்கும் மலபாருக்குப் பக்கத்தில் இருக்கும் அகளிப் பையன்களுக்கு ஏழு பேர் ஆட்டத்தில் குறை தெரியாது. ஆனால் கைப்பேசிக்குள் நுழைந்துவிட்டால் அவர்களும் மேடனைப் போலத்தான். டீக்கடைத் திண்ணையில் இ-ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், தனக்குப் பிடித்த வீரர் பந்தை இடக்காலால் திருப்பும் விதம் நிஜத்தைப் போல இல்லை என்று விடாமல் வாதாடிக்கொண்டிருந்தான். அந்தக் கூர்மையான பார்வைக்கு ஈடுகொடுக்கத்தான் தயாரிப்பாளர்கள் ஆண்டுதோறும் பாடுபடுகிறார்கள். 2021ல் வந்த ஃபிஃபா 22 கேமுக்காக 22 தொழில்முறை வீரர்களுக்கு எக்ஸ்சென்ஸ் உணர்கருவி உடை அணிவித்து, முழு வேகத்தில் ஆட வைத்துப் பதிவு செய்தார்கள். அதில் கிடைத்த 87 லட்சம் படச் சட்டகங்களைக் கொண்டு இயந்திரக் கற்றல் மூலம் புது அசைவுகளை உருவாக்கியதாக ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் அறிவித்தது.

அத்தனை வசதி இங்கே இல்லை. சாயங்காலம் அந்த அனிமேட்டர் தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார். இடக்கை வேகப்பந்து வீசும் பையன் ஒருவனை ஓடி வரச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து மெதுவோட்டத்தில் படமெடுத்தார். முன்னங்கால் ஊன்றும்போது முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, வீசாத கை எந்தக் கணத்தில் கீழே இழுபடுகிறது என்பதுதான் அவருக்குத் தேவை. பதிவில் சந்தேகம் வரும் இடங்களில் கண்ணுக்குத் துணையாக இந்தப் படங்கள் நிற்கும்.

"அக்கா, கேம்ல நான் வருவனா?"

"உம் மூஞ்சி வராதுடா. உங்கிட்டப் பாத்த முட்டி மடக்கு வரும்."

பையன் அதற்கே பூரித்துப்போய் இன்னும் இரண்டு முறை ஓடி வந்து வீசினான்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா உருவாக்கிய 'வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' வரிசை கேம்களை இந்தியச் சிற்றூர்களின் கைப்பேசிகளில் எங்கும் பார்க்கலாம். பி.ஆர். ராஜேந்திரனும் பி.ஆர். ஜெயஸ்ரீயும் நிறுவிய அந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை மும்பை நசாரா டெக்னாலஜிஸ் பின்னாளில் வாங்கியது. இந்த வரிசையின் இரண்டாவது கேமிலேயே ஏறத்தாழ 150 பேட்டிங் அசைவுகளும் 28 பந்துவீச்சு முறைகளும் இருந்தன. 2020ல் வந்த மூன்றாவது கேமுக்கு மோஷன் கேப்சர் பதிவுகளைப் பயன்படுத்தினார்கள். நாட்டிலஸ் மொபைலின் 'ரியல் கிரிக்கெட்' இதற்குச் சளைக்காத போட்டி. அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பங்கைத் தென்கொரியாவின் கிராஃப்டன் 2025ல் சுமார் 118 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

வர்ணனையும் எளிதான வேலை அல்ல. வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் 3ல் மேத்யூ ஹேடன், ஈஷா குஹா போன்றவர்களின் குரலோடு, தமிழில் அபினவ் முகுந்தின் குரலும் ஒலிக்கிறது. வர்ணனையாளர் முன்னால் ஆட்டம் எதுவும் நடப்பதில்லை. ஒலிக்கூடத்தில் நின்று, நடக்காத சிக்ஸருக்கு வியக்க வேண்டும், விழாத விக்கெட்டுக்குப் பதற வேண்டும். பெயர்கள், எண்கள், பாராட்டுகள், ஏமாற்றங்கள் என்று துண்டு துண்டாகப் பதிவாகும் சொற்களை ஆட்டத்தின் போக்குக்கேற்ப நிரல் கோத்தெடுக்கும். ஒரே ஓவரில் ஒரே வாக்கியம் இருமுறை வந்துவிடாமல் காவல் இருப்பதற்கும் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும்.

பிறகு வருவது சோதனை. விலை குறைந்த கைப்பேசியில் கேம் சூடேறி நிற்கிறதா, மழையால் ஆட்டம் நின்றால் ஸ்கோர் சரியாக இருக்கிறதா, ரன் அவுட்டும் எல்லைக்கோடும் ஒன்றாக வந்தால் நடுவர் எந்தச் சைகையைக் காட்டுகிறார் என்று சோதகர்கள் ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள். வெளியே நின்று பார்த்தால் விளையாடிச் சம்பளம் வாங்குவதுபோலத் தெரியும். ஒரே பந்தை நாள் முழுக்க வீசி, எந்த வரிசையில் எதை அழுத்தியபோது கேம் நின்றது என்று எழுதிவைப்பது கடும் உழைப்பு.

எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இந்த வேலை காலை வாரிவிடும். பல்லாண்டு கால்பந்து கேம் அனுபவம் கொண்ட ஜப்பானின் கொனாமி 2021 செப்டம்பரில் வெளியிட்ட இ-ஃபுட்பால் 2022ல் வீரர்களின் முகங்கள் கோணின, உடல்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. திருத்திய முழுப் பதிப்பு அடுத்த ஆண்டு ஏப்ரலில்தான் வந்தது. லண்டனின் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் தன் ஃபுட்பால் மேனேஜர் 25 கேமை, எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை என்று 2025 பிப்ரவரியில் முழுவதுமாகக் கைவிட்டது.

விளையாட்டு கேமுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. லீக் போட்டிகள் தொடங்கும் தேதி தயாரிப்பாளருக்காகத் தள்ளிப்போகாது. புது ஜெர்சி, புது அணி, புது வீரர்களோடு கேம் ஆண்டுதோறும் குறித்த பருவத்தில் கடைக்கு வந்தாக வேண்டும். அந்த அழுத்தம் கடைசியில் மனித உடம்பின் மேல்தான் இறங்கும். 2004ல் ஈ.ஏ. ஊழியர் ஒருவரின் வருங்காலத் துணைவியான எரின் ஹாஃப்மன், தன் பெயரை மறைத்து இணையத்தில் எழுதிய கடிதம் இந்தத் துறையின் மிகைநேர வேலையை உலகறியச் செய்தது. வாரம் 85 மணி நேர உழைப்பைப் பற்றி அதில் எழுதியிருந்தார். அந்தக் காலகட்டத்தில் ஊழியர்கள் தொடுத்த வழக்குகளில் அந்த நிறுவனம் 2006க்குள் மொத்தம் 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

அகளியில் நேரக் கணக்கு வேறு மாதிரி. மழைக்காலத்தில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தாங்கும்வரை வேலை. வந்தபிறகு நள்ளிரவானாலும் கோப்பை அனுப்பியாக வேண்டும். முடித்த அசைவுக்குத்தான் கூலி. திருத்தச் சொல்லித் திரும்பி வந்தால் அந்தத் திருத்தம் கூலியில் சேராது. கேம் வெளியானதும் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் இதுவரை தன் பெயர் வந்ததில்லை என்றார் அந்த அனிமேட்டர். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அது கோபப்பட வேண்டிய விஷயம்தான்.

சிற்றூரில் இருந்து இந்த வேலையைச் செய்ய முடியுமா என்ற சந்தேகத்துக்கு வரலாறே பதில் சொல்லிவிட்டது. இந்தியாவில் ஒரு தலைமுறையே ஆடித் தீர்த்த ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் லூனன்பர்க் என்ற சிறிய கடலோர ஊரில் இயங்கிய எச்.பி. ஸ்டுடியோஸில் உருவானது. 2006 இறுதியில் வெளிவந்த அந்த கேமுக்கு ரசிகர்கள் பல ஆண்டுகள் கழித்தும் புது அணிகளும் புது ஜெர்சிகளும் சேர்த்து ஆடினார்கள். லூனன்பர்க்கில் முடிந்தது அகளியிலும் முடியும். நல்ல இணைய இணைப்பும், திருத்தத்துக்கும் சேர்த்துத் தரும் நியாயமான கூலியும் வேண்டும்.

கேம் நிறுவனங்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதற்குச் செலவு இல்லை. அடுத்த வேலை தேடும் ஒருவருக்கு அந்த ஒரு வரிதான் சான்றிதழ். ஆடுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கேமில் குறை தென்பட்டால் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டிவிட்டுப் போகாதீர்கள். எந்தக் கைப்பேசி, எந்த மைதானம், எந்த ஷாட், எந்தக் கணத்தில் என்று நாலு வரி எழுதுங்கள். அதைப் படித்துச் சரிசெய்ய ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.